துரை மீன்

மீன் என்றதும் கடலை நினைப்பவர்கள் நாம். வெள்ளவத்தையில் வாழ்வோர்க்கு இது இயல்பே. காலி வீதியிலிருந்து மேற்கே இறங்கும் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் புகையிரதப் பாதை வரும், அதற்கப்பால் கருங்கற்கள், அக்கற்களின் மேல் மாலைதோறும் தூண்டிலோடு குந்தியிருக்கும் நாலைந்து மனிதர். கொட்டாஞ்சேனையிலிருந்து எம்மிடம் கற்க வரும் மாணவர்களோ துறைமுகத்துச் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்கள். மீன் விலை ஏறிய நாளில் வீட்டில் என்ன சமைக்கப்படும் என்பதை நன்கறிந்தவர்கள். இத்தகையோர் படிக்கும் ஏட்டிலே, ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரத்தில், குளிர் ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு மீனைப் பற்றி எழுதப் புகுவது வீண் வேலையாகச் சிலருக்குத் தோன்றலாம். அம்மீன் உழைப்பாளியின் சட்டியில் வெந்ததன்று; சந்தையிற் கூறு போட்டு விற்கப்பட்டதுமன்று. டிரவுட் என்று அதற்குப் பெயர். கதையைக் கேட்டபின் இது வீண் வேலையா அல்லவா என்பதை வாசகர் தீர்மானிக்கட்டும்.

எம் கவனம் அதன்பால் சென்றது இலக்கிய வகுப்பில். குறுந்தொகையின் 54ஆம் பாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். தினைப்புனம் காப்போர் எறிந்த கவணின் ஒலிக்கு அஞ்சிய யானை, தான் வளைத்த மூங்கிலைக் கைவிடுகிறது. விடுபட்ட மூங்கில், மீன் பட்டதும் மேலெழும் தூண்டிற்கோல் போல நிமிர்கிறது. புலவரின் இயற்பெயர் மறைந்துபோக, அந்த உவமையே பெயராகி மீனெறி தூண்டிலார் என்று நிலைத்துவிட்டது. குறிஞ்சிப் பாட்டில் தூண்டில் எங்ஙனம் வந்தது என்று மாணவரைக் கேட்டோம். நெய்தல் நில வாழ்வை அறிந்த புலவர் என்று ஒருவன் சொன்னான். பின்வரிசையிலிருந்து மற்றொருவன், “ஏன் சேர், மலையில மீன் இல்லையா? எங்க தாத்தாதான் துரைமாருக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் குடுத்தவரு” என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவன் பெற்றோர் நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒற்றையறையில் வாழ்பவர்கள். தந்தை கடைச் சிப்பந்தி. தாத்தா இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருக்கிறார். சித்திரை விடுமுறையில் அவனையும் வேறு மூன்று மாணவரையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டோம்.

சித்திரையில் நுவரெலியா செல்வது கொழும்பின் வசதி படைத்தோரது வழக்கம். குதிரைப் பந்தயம், மலர்க் காட்சி, ஏரிக்கரையில் உலாவல். இதற்கு வசந்த காலம் என்று பெயர். நமக்கும் இளவேனில் உண்டு. ஆயின் அது வெயிலின் தொடக்கம். பனி உருகி, ஓடை பெருகி, பட்ட மரம் துளிர்க்கும் மேனாட்டு வசந்தம் இத்தீவில் என்றும் இருந்ததில்லை. இல்லாத அந்த வசந்தத்தைப் பிரித்தானியர் இங்கே கட்டியெழுப்ப முயன்றனர். 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை நிறுவ முற்பட்ட சாமுவேல் பேக்கர், கால்நடைகளையும் வேட்டை நாய்களையும் கொல்லனையும் கூடக் கப்பலேற்றி வந்தார். ரோசாவும் உருளைக்கிழங்கும் வந்தன. குளிர் இருந்தது, மூடுபனி இருந்தது, கூழாங்கற்களின் மேல் தெளிந்தோடும் ஆறும் இருந்தது. ஆற்றிலே ஊர் நினைவைக் கிளறும் மீன் மட்டும் இல்லை.

அம்மீனைக் கொண்டுவருதல் எளிதன்று. டிரவுட் குளிர்நீர் மீன். நீரின் வெப்பம் 20 பாகை சென்டிகிரேட்டைக் கடந்தால் வாடிவிடும். அதை உயிரோடு வெப்ப மண்டலக் கடலைக் கடக்கச் செய்வது எப்படி? மீனை விட்டு முட்டையைக் கொண்டுபோனால் என்ன என்று சிந்தித்தனர். குளிரில் வைத்தால் கரு மெல்ல வளரும். பொரிக்கும் நாள் தள்ளிப்போகும். 1864 சனவரியில் ‘நோபோக்’ என்ற பாய்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதன் அடித்தளத்தில் ஒரு பனிக்கட்டி அறை. ஈரப்பாசியில் பொதிந்த முட்டைகள் பெட்டி பெட்டியாக அதனுள் அடுக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை சால்மன் மீனின் முட்டைகள். டிரவுட் முட்டை மூவாயிரத்துக்கும் குறைவு. ஏப்ரிலில் கப்பல் மெல்பேர்ணை அடைந்தது. முட்டைகள் அங்கிருந்து தஸ்மேனியாவுக்குச் சென்றன. கடலுக்குப் போன சால்மன் திரும்பி வரவில்லை, டிரவுட் நிலைத்தது. மேனாட்டார் தம் மீனைப் பிற நாடுகளில் பரப்பிய வரலாற்றில் இது பெருமைக்குரிய அத்தியாயமாகச் சொல்லப்படும்.

அதே 1864இல் வேறொரு கப்பலும் உண்டு. மலையக வரலாறு பேசுவோர் அதன் பெயரை மறப்பதில்லை. தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளரை ஏற்றிவந்த ‘ஆதிலட்சுமி’ கடலில் மூழ்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பலில் எவருக்கும் தனியறை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கப்பல்களையும் ஒரு பந்தியில் வைப்பது நியாயமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓர் ஆண்டில், ஒரே பேரரசின் கொடிக்கீழ் நிகழ்ந்தவற்றை வேறு வேறு பந்தியில் வைப்பதற்கான நியாயத்தை அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம்.

இலங்கைக்கு டிரவுட் 1882இல் வந்தது. ஹப்பாட் என்ற தோட்டத்துரை முட்டைகளை வருவித்து நுவரெலியாவில் பொரிக்கச் செய்தார். அந்த ஆண்டை ஊன்றி நோக்க வேண்டும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டங்கள் கைமாறின, 1884இல் ஓரியண்டல் வங்கியே முறிந்தது. கோப்பித் தோட்டங்களில் கூலி கிடையாத தொழிலாளர் பலர் வந்த வழியே திரும்பினர். நாடு இந்த நிலையில் இருக்கையில், சரளைக் கல் விரித்த தொட்டிகளில் குளிர்நீர் ஓயாது ஓட, இறந்த முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அகற்ற வேண்டியிருந்தது. அகற்றாவிடின் பூஞ்சணம் பிடித்து மற்றவையும் கெடும். துரை இரவெல்லாம் விழித்திருந்து அதைச் செய்திருப்பாரா? செய்த கைகள் எவருடையவை என்பதை ஊகிக்கலாம். அவற்றின் பெயர்களை எந்த ஏட்டிலும் யாம் கண்டிலோம்.

1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றியது. முதலில் வந்த பழுப்பு டிரவுட் இங்கு தானாகப் பெருகவில்லை. ஆண்டுதோறும் குஞ்சு விட வேண்டியிருந்தது. வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் பின்னர் வந்தது. பக்கவாட்டில் செவ்வரி ஓடிய அழகிய மீன். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் அது தானே இனம் பெருக்கிக் குடியேறிவிட்டது.

முதியவரைக் கண்ட கதைக்கு வருவோம். எண்பதைக் கடந்தவர், கண் மங்கியிருந்தது, கை மங்கவில்லை. அவர் தந்தை துரைமாரின் ஆற்றுக்கு வாச்சராக இருந்தவர். இவர் பத்து வயதில் கூடையும் கைவலையும் தூக்கத் தொடங்கி, 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாகும்வரை அப்பணியையும் மலைவேலையையும் மாறி மாறிச் செய்திருக்கிறார். தூண்டிற் கலையைச் சொல்லித்தரும்படி கேட்டோம். வாசற்படியில் கிடந்த விறகுக் குச்சியொன்றை எடுத்துக்கொண்டார்.

“மீனு எப்பவும் தண்ணி வர்ற பக்கம் பாத்துத்தான் நிக்கும், மாஸ்டர். சாப்பாடு அங்கிருந்துதானே வருது” என்று தொடங்கினார். மீனுக்கு முன்னும் பக்கமும் தெரியும், பின்புறம் தெரியாது. ஆதலால் ஆற்றின் கீழ்ப்பக்கமிருந்து, குனிந்து, நிழல் நீரில் விழாதபடி மேலேற வேண்டும். “புதுத் துரைமாரு மேல இருந்து எறங்கி வருவாங்க. மீனெல்லாம் ஓடிப்போயிரும். கீழ இருந்து ஏறுங்கன்னு எங்கப்பாதான் காட்டிக் குடுப்பாரு. ஏசுவாங்க. பொறகு ஏறுவாங்க.”

வெள்ளவத்தைப் பாறையில் நாம் காணும் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துச் செல்லும். இங்கு நிலை தலைகீழ். தூண்டில் முள்ளில் புழுவோ இறைச்சியோ இல்லை. இறகும் நூலும் சுற்றி, ஈயைப் போலச் செய்த பொய் இரை மட்டுமே. அதற்குக் காற்றைக் கிழிக்கும் பாரம் கிடையாது. எனவே நூலையே கனமாகச் செய்தனர். அக்காலத்தில் பின்னிய பட்டுநூல். மிதப்பதற்காக அதிற் கொழுப்புப் பூசுவர். கோலைப் பின்னே வீசி, நூல் முதுகுப் பக்கம் முழுதும் நீளும்வரை பொறுத்து, பின் முன்னே வீச வேண்டும். அந்தப் பொறுத்தல்தான் கலை என்றார் முதியவர். முந்தினால் நூல் சாட்டைபோல் வெடித்து ஈ அறுந்துபோகும். பிந்தினால் பின்னாலுள்ள புல்லில் மாட்டும். குச்சியை அவர் பின்னே வீசி நிறுத்தியபோது, இல்லாத நூல் அவருக்குப் பின்னால் நீண்டு விரிவதை எம் மாணவர் திரும்பிப் பார்த்தனர்.

ஈ நீரில் விழுந்தபின் ஓட்டத்தோடு தானாக மிதந்து வர வேண்டும். நூல் இழுத்து அது நீரைக் கீறினால் மீன் அறிந்துகொள்ளும். மீன் எழுந்து வாய் வைத்த கணத்தில் கோலை மெல்ல உயர்த்த வேண்டும். கோலோ மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து ஒட்டியது. சீன நாட்டு மூங்கிலில் செய்து இங்கிலாந்திலிருந்து வருவது. பட்ட மீனின் பாரத்தில் வளையும், விடுபட்டால் நிமிரும். மீனெறி தூண்டிலார் கண்டது இதைத்தானே என்று மாணவன் எம் காதருகே சொன்னான். அவர் கண்ட தூண்டிலுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் மூங்கில் ஒன்றே. எம் பல்கலைக்கழக விரிவுரைகளில் இந்தப் பாட்டு இத்துணை விளங்கியதாக நினைவில்லை.

ஈயைக் காட்டி ஏமாற்றும் இக்கலை கனவான்களுக்கே உரியதென்றும், புழு கோத்துப் பிடிப்பது கீழ்மக்கள் செயலென்றும் ஓர் எண்ணம் ஆங்கிலேயரிடையே ஊறியிருந்தது. வரலாறு வேறு சொல்கிறது. கி.பி. 200 அளவில், நம் சங்க காலத்தை ஒட்டி எழுதிய ஈலியன் என்பார், மாசிடோனிய நாட்டு ஆறொன்றின் கரையில் வாழ்ந்தோர் முள்ளில் செங்கம்பளி சுற்றிச் சேவலின் இறகைக் கட்டி மீன் பிடித்த முறையை விரிவாகக் குறித்திருக்கிறார். அவர்கள் கோமான்களல்லர், ஆற்றங்கரை மக்கள். விலையுயர்ந்த ஆங்கில ஈக்கள் பலவற்றில் கண்போற் பளபளக்கும் புள்ளி இறகும் எங்கிருந்தோ வந்ததன்று. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு அது. சேவற்கொடியோனின் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகி, முள்ளில் ஏறி, மறுபடி நம் மலைக்கு வந்தது. பேரரசின் வாணிபம் இப்படித்தான் ஓடியது.

“நீங்கள் பிடித்துச் சாப்பிட்டதுண்டா, ஐயா?” என்று கேட்டோம். வெகுநேரம் சிரித்தார். அனுமதிச் சீட்டில்லாதவர் தூண்டில் போடலாகாது. வாச்சரின் மகன் போட்டால் வாச்சர் வேலை போகும். ஆனாலும் மழைநாளில், கலங்கிய நீரில், குடைக்கம்பி முள்ளும் மண்புழுவும் கொண்டு நடந்தவை பலவாம். அம்மீனை வீட்டில் எப்பெயரிட்டு அழைத்தனர் என்று வினவினோம். “தொர மீனு” என்றார். சுவை எப்படி? “முள்ளு கொறவு. மாசிச் சம்பல் மாதிரி வருமா?”

இவருக்கு 1948இல் பத்து வயது இருந்திருக்கும். கூடை தூக்கத் தொடங்கிய அவ்வாண்டில்தான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், மறுதேர்தலுக்குள் வாக்கிழந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்றனர். பத்து ஆண்டுகள் கழித்துப் பேசி, பாதிப்பாதியாகப் பிரித்தனர். மீன் குஞ்சைக் கூட எண்ணித்தான் ஓடையில் விடுவார்கள். எந்தக் குஞ்சுக்கு எந்த ஓடை ஏற்றது என்றும் பார்ப்பார்கள்.

முதியவரின் தம்பி இந்தியாவுக்குப் போன பங்கில் அடங்கினார். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரியை அடைந்தார். தாயகம் திரும்பியோர் என்று பெயர் சூட்டப்பட்ட இம்மக்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது; பிறந்து வளர்ந்த தாயகத்தை விட்டுச் சென்றவர்களுக்கு அப்பெயர். ஒருமுறை தம்பி கடிதத்தில், “அண்ணே, நம்ம தொர மீனு இங்கயும் இருக்காம்” என்று எழுதியிருந்தாராம். உண்மைதான். நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற பிரான்சிஸ் டே 1860களில் முயன்று தோற்றார். பின் 1907 அளவில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வென்றார். அவர் அங்கே பழக்கிய வானவில் டிரவுட்டில் ஒரு பகுதி இலங்கையிலிருந்து சென்றது. மீன் முன்னே போயிற்று. அறுபது எழுபது ஆண்டு கழித்து மனிதர் பின்னே போயினர். மீனிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.

இந்த இடத்திலேயே கட்டுரையை முடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். மறுநாள் ஹோட்டன் சமவெளிக்குச் சென்றது அந்த வசதியைக் கெடுத்தது.

ஏழாயிரம் அடி உயரத்துப் புல்வெளி அது. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கலாகாது என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் கூறிய அறிவுரையால் தேயிலைக்குத் தப்பியது. 1988இல் தேசிய பூங்கா ஆயிற்று. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் தரும் தலைநிலம். களனி நீரை அம்பத்தளையில் வடித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. வெள்ளவத்தைக் குழாயில் வருவதிலும் ஒரு துளி இங்கிருந்து புறப்பட்டதாக இருக்கக்கூடும். பெலிஹுல் ஓயாவின் தெளிந்த மடுவொன்றில் டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நின்றதை மாணவர் கண்டனர். முதியவர் சொன்னவாறே நீர் வரும் பக்கம் பார்த்து நின்றது.

இவ்வோடைகளில் விரற்கடையளவு இறால் ஒன்று உண்டு. கரிடினா சிங்களென்சிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். (அந்தச் சொல் தீவைக் குறிப்பது, இனத்தையன்று. இன்றைய நிலையில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) உலகில் இச்சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழ்வதாக அறியப்பட்ட உயிர் அது. அதன் வாழ்வுக்கு டிரவுட் கேடு என்று உயிரியலாளர் அஞ்சுகின்றனர். தன் வழியில் இத்தகைய வேட்டையாடியை ஒருநாளும் சந்தித்திராத சிற்றுயிர், அதற்கு அஞ்சவும் கற்றிராது. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர்களில் ஒருவன், “அப்ப வெளியில இருந்து வந்தது வெளியேறத்தானே வேணும், சேர்?” என்று கேட்டான். கள்ளமின்றிக் கேட்ட கேள்வி. கொட்டாஞ்சேனை மாணவன் நீரையே பார்த்துக்கொண்டு நின்றான். வந்தேறி என்ற சொல்லைத் தன் காதால் கேட்டவன் அவன்.

உடன் வந்த மாணவி சட்டெனத் திரும்பி, “மீன் தேயிலை நட்டதா?” என்றாள்.

நல்ல அடி. மலையைக் கழனியாக்கியவன் உழைப்பாளி. அவனுக்கே மலையில் உரிமை என்று நாமும் மேடைகளில் பேசியிருக்கிறோம். எனினும் அன்று அந்த விடை எமக்குப் போதவில்லை. உழைத்த கணக்கைக் காட்டித்தான் ஒருவன் தான் பிறந்த நாட்டில் வாழும் உரிமையைப் பெற வேண்டுமெனில், நோயாளியும் குழந்தையும் என்ன கணக்குக் காட்டுவர்? அதிலும், அக்கணக்கைத் தமிழனிடம் மட்டும் கேட்பானேன்? மீன் இனத்துக்கும் மனித சமூகத்துக்கும் ஒரே தராசைப் பிடிக்கும் பழக்கமே கொடியது என்று மாணவருக்குக் கூறினோம். இறாலைத் தின்னும் மீனை என்ன செய்வது என்பது ஓடையை அளந்து, எண்ணிப் பார்த்து அறிஞர் முடிவு செய்ய வேண்டிய காரியம். அந்த முடிவு எதுவாயினும் அதிலிருந்து மனிதரைப் பற்றி எவரும் ஒன்றும் பெற முடியாது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், ஐம்பத்தைந்து ஆண்டுகள் மனிதரை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பதைத்தான் ஆராய வேண்டும். இப்படியெல்லாம் பேசினோம். மாணவர் கேட்டுக்கொண்டனர். பிற்பகல் மழை வந்தது; நடந்தோம்.

இறங்கும் வழியில் மீண்டும் லயத்துக்குப் போனோம். பேரன் தாத்தாவின் அருகே அமர்ந்து, சமவெளியின் இறாலைப் பற்றித் தான் கேட்டதையெல்லாம் சொன்னான். முதியவர் வெற்றிலையை மென்றவாறே தலையாட்டினார்.

“கூனியத்தானே சொல்ற? அது மாதிரி ஒன்னு இங்கயும் இருந்துச்சுன்னு எங்க அப்பாயி சொல்லும். மழை விட்டா பொம்பளைக எல்லாம் ஓடையில எறங்கி சீலைத் தலைப்பால அள்ளுவாங்களாம். ஒரு கை கூனி, ரெண்டு கத்தரிக்கா, அன்னிக்கு கறி முடிஞ்சுதாம். தொர மீனு விட்ட பொறகு கொறஞ்சு போச்சாம். ஓடையில எறங்கவும் வேணாம்னுட்டாங்க, மீனு கலங்கிப் போகும்னு.”

எம் மாணவன் பையிலிருந்து கொப்பியை எடுத்தான்.

“எந்த ஓடை, தாத்தா?”

லயத்தின் பின்புறம், கோழிக்கூட்டுக்கு அப்பால், தேயிலை மலைகளுக்கு இடையே இறங்கும் சிறு நீர்க்கோட்டை அவர் விறகுக் குச்சியால் சுட்டிக் காட்டினார். பேரன் எழுந்து அங்கே நடந்தான்.